செவ்வாய்க்கிழமை மேடம்

மாசான் துறைமுகத்துக்குப் பின்னால், மீன் சந்தையை ஒட்டிய சந்தில் இருக்கும் பெண்கள் குளியல்கூடத்தில் பத்தொன்பது வருடமாக ஊராரின் அழுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் பில்சுன். வெந்நீர்த் தொட்டியில் அரைமணி நேரம் ஊறி, தோல் மெத்தென்று ஆனதும் எழுந்து வருவார்கள். இளஞ்சிவப்பு ரப்பர் விரிப்புப் போட்ட கட்டிலில் அவர்களைப் படுக்க வைத்து, முரட்டுத் துணி உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து குதிகால் வரை ஒரு இடம் விடாமல் தேய்ப்பாள். அழுக்கு சேமியா மாதிரி உருண்டு வரும். ஒரு பக்கம் முடிந்தால் இடுப்பில் இரண்டு தட்டு. அந்தத் தட்டுக்குத் திரும்பிப் படுக்க வேண்டும் என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

துணியைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டு, சாவியைக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களில் யார் பணக்காரி, யார் இல்லை என்று மற்றவர்களுக்குத் தெரியாது. பில்சுனுக்குத் தெரியும். அதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. கை கனக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

மருந்துக்கடைக்காரர் மனைவியின் கையைத் தூக்கினால் ஈர அரிசி மூட்டையைத் தூக்குவது போல இருக்கும். முழுக் கனத்தையும் பில்சுனிடம் விட்டுவிட்டு அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொள்வாள். கடல்பாசி விற்கும் கிழவியின் கையைத் தூக்கப் போனால் அது தானாகவே எழும்பி வந்து காற்றில் நிற்கும். தட்டுவதற்கு முன்பே திரும்பிப் படுப்பாள். "ரொம்ப அழுக்கா இருக்கா தங்கச்சி? போன வாரமே வந்திருக்கணும்" என்று மன்னிப்பு வேறு கேட்பாள். காசு கொடுக்கிறவள் அவள்தான், கூசுகிறவளும் அவள்தான். விலை உயர்ந்த தோல்பையைத் தவணையில் வாங்கிவிடலாம். கனக்கிற கையைத் தவணையில் வாங்க முடியாது என்பது பில்சுனின் கட்சி. கனத்த கைக்காரிகளை அவள் மேடம் என்று கூப்பிடுவாள். மற்றவர்கள் எல்லோரும் அக்கா, தங்கச்சிதான்.

அவளுக்கும் ஒரு காலத்தில் ஆசைகள் இருந்தன. படகு எஞ்சின் பழுது பார்க்கும் புருஷன் மாரடைப்பில் போனபோது மகள் சேபொம் ஆறாம் வகுப்பு. அதற்குப் பிறகு வந்த ஆசைகளுக்கெல்லாம் மகளின் பெயர்தான். அவள் பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டும், டியூஷன் வைக்க வேண்டும், கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றாக நிறைவேறின. சேபொம் இப்போது தூரத்துச் சுவோன் நகரத்தில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறாள். கடன் இல்லை, வீடு சொந்தம், கிம்ச்சி ஊறுகாய்க்கென்று தனியாக ஒரு குளிர்பெட்டி கூட இருக்கிறது. இனி தனக்கென்று எதையாவது ஆசைப்படலாம் என்ற நிலை வந்தபோது, அது எப்படி என்பது பில்சுனுக்கு மறந்து போயிருந்தது.

பிறந்தநாளுக்கு மகள் தோல்பை வாங்கி அனுப்பினாள். அதைக் கடையில் திருப்பிக் கொடுத்து மகளுக்குக் குளிர்காலக் கோட்டு வாங்கி அனுப்பினாள் அம்மா. அடுத்த வருடம் மகள் பணமாக அனுப்பினாள். அது நண்டு ஊறுகாயாகவும் நெத்திலியாகவும் சுவோனுக்கே திரும்பிப் போனது. இந்த வருடம் ஐம்பத்தொன்பது முடிகிறது. மகள் போனில் கேட்டாள், என்னம்மா வேணும் என்று. வழக்கமான பதில் வந்தது: எனக்கு என்னடி, எல்லாந்தான் இருக்கே.

"உனக்குப் பரிசு குடுக்கிறது கவர்ன்மென்ட் ஆபீஸ்ல மனு குடுக்கிற மாதிரி இருக்கும்மா" என்றாள் சேபொம். "வருஷா வருஷம் திரும்பி வந்துருது. உனக்கு ஒண்ணுமே வேணாம்னா நான் உனக்கு எதுக்கும்மா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் கடைசி வார்த்தையில் குரல் கம்மியது பில்சுனின் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு, ஆறிப்போன பார்லி நீரைக் குடிக்காமலே கொட்டிக் குவளையைக் கழுவினாள்.

ஆசை ஒன்றுமே இல்லை என்பது சுத்தப் பொய். ஒன்று இருந்தது. மகளிடம் சொன்னால் சிரிப்பாள் என்பதால் அதை வெளியே விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், கட்டிலில் குப்புறப் படுத்திருந்த ஒரு பேங்க் மேனேஜர் அம்மாள், பில்சுன் தேய்க்கத் தேய்க்கத் தூங்கிவிட்டாள். வெறும் தூக்கம் இல்லை, குறட்டை. வாயோரம் எச்சில் ஒழுகியது. பில்சுனின் கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது. வயிற்றெரிச்சல் என்று அதுவரை கேள்விப்பட்டிருந்தாளே தவிர, அது நிஜமாகவே வயிற்றில்தான் எரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தானும் அப்படிக் கட்டிலில் படுத்து, இன்னொருத்தி தேய்க்கத் தேய்க்க எச்சில் ஒழுகத் தூங்க வேண்டும்.

முதுகு தேய்த்துவிட ஆள் கிடைக்காமல் இல்லை. தொட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் "முதுகு தேய்ச்சுக்கலாமா?" என்று கேட்பதும், என் முதுகு உனக்கு, உன் முதுகு எனக்கு என்று தேய்த்துக்கொள்வதும் அங்கே சாதாரணம். ஆனால் பில்சுனிடம் யாராவது முதுகைக் காட்டினால் அவள் கை முதுகோடு நிற்காது. தோள், கை, இடுப்பு என்று முழு ஆளையும் வெளுத்துத்தான் விடும். எதிர்த்தரப்பிலிருந்து அவளுக்குக் கிடைப்பது நாலு இழுப்பு. அதற்கு அவள் பேசாமல் வேலையே பார்த்துவிட்டுப் போகலாம்.

செவ்வாய்க்கிழமை குளியல்கூடத்துக்கு விடுமுறை. மகள் போன் செய்ததற்கு அடுத்த செவ்வாயன்று காலையில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு புசான் பஸ்ஸில் ஏறினாள். புசானின் தோங்னே பகுதியில் வெந்நீர் ஊற்று ஓடும் தெருவில் பழைய குளியல்கூடம் ஒன்று இருக்கிறது, அங்கே இவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. வாசலில் கண்ணாடித் துவாரத்துக்குப் பின்னால் இருந்த பெண் தேய்ப்பு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றாள் பில்சுன். எது, சாதாவா, எண்ணெய் பூசியா, முழுசா? இந்தக் கேள்வியை ஆயிரம் பேரிடம் கேட்டவள்தான். தன்னிடம் கேட்டதும் சுவரில் இருந்த விலைப்பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள்.

"முழுசு" என்றாள். எண்ணெய், பால், முகத்துக்கு வெள்ளரிக்காய் எல்லாம் சேர்த்து லட்சத்து இருபதாயிரம் வொன். அவளே நாலு பேரைச் சாதாவாகத் தேய்த்தால் வருகிற காசு. கொடுக்கும்போது நோட்டை இரண்டு தடவை எண்ணியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தொட்டியில் ஊறி முடித்து, வரிசைக்கு அடையாளமாகச் சாவியைத் தேய்ப்புக் கட்டிலுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாள். அங்கே தேய்ப்புக்காரி ஒருத்திதான். அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று வயது இருக்கும். குட்டை, அகலத் தோள், தொழில் வழக்கப்படி கறுப்பு உள்ளாடை. தொட்டியில் இருந்தவர்கள் அவளை ஓக்சிம் அக்கா என்று கூப்பிட்டார்கள். கட்டிலில் ஒரு வாளி வெந்நீரை வீசிக் கழுவினாள். வீச்சு நன்றாக இருந்தது. ஒரு மூலையும் விடவில்லை. பில்சுனுக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தியில்தான் வாயை விட்டாள்.

"செவ்வாய்க்கிழமைன்னா கூட்டம் இவ்வளவுதானா?"

ஓக்சிம் ஏறிட்டுப் பார்த்தாள். படுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

மல்லாந்து படுத்த பில்சுன் கூரையைப் பார்த்தாள். ஓதம் ஏறிய கூரையில் நீர்த்துளிகள் தொங்கின. ஆகா, இதுவல்லவா என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஓக்சிம் கையைத் தூக்க வருவதற்குள் கை எழும்பி நின்றது. காலடிக்கு நகர்வதற்குள் முட்டி மடங்கியது. காதோ, பக்கத்துத் தொட்டியில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. இந்த விலாப் பக்கம் முடியப் போகிறது என்று தோலுக்குத் தெரிந்ததும், தட்டு விழுவதற்கு முன்பே சரேலென்று பக்கவாட்டில் திரும்பிக் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

தேய்க்கிற கை நின்றது.

"எங்க வேல பாக்குற?" என்றாள் ஓக்சிம்.

"மீன் சந்தையில" என்று பொய் சொன்னாள் பில்சுன்.

"மீன் சந்தக்காரிக்கு விரல் நுனி இப்படி வெளுத்துப் போய் இருக்காது. தட்டுறதுக்கு முன்னால திரும்பவும் தெரியாது." ஓக்சிம் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி குனிந்து பேசினாள். "போன மாசம் மட்டும் மூணு பேரு வந்தாளுக. ஒருத்தி வடிகால பாக்குறா, ஒருத்தி கட்டில் எத்தனன்னு பாக்குறா. நீயாவது வாயத் தொறந்து கேட்ட. முதலாளி எவ்வளவு கேட்டாரு?"

பில்சுனுக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமல் எப்படி இருக்கும்? தேய்ப்புக்காரிக்குச் சம்பளம் கிடையாது. முதலாளியிடம் முன்பணம் கட்டி அந்தக் கட்டிலைப் பிடிக்க வேண்டும், தேய்க்கிற உடம்புக்குத்தான் காசு. இடம் தேடுகிறவள் முதலில் வாடிக்கையாளர் மாதிரி வருவாள். படுத்துக்கொண்டே தலையை எண்ணுவாள். கூட்டம் பரவாயில்லை என்றால் கூடுதலாக முன்பணம் தருகிறேன் என்று முதலாளியிடம் போவாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மாசானில் பில்சுனும் அப்படித்தான் ஒருத்தியின் கட்டிலில் படுத்தாள். அந்தப் பெண் பாவம், கலகலவென்று பேசிக்கொண்டே தேய்த்தாள், வெள்ளரிக்காயைக் காசு வாங்காமல் பூசினாள். இரண்டு வாரத்தில் அந்தக் கட்டில் பில்சுனுடையதானது. அவளுக்குப் பிறகு வேறு யாரும் பில்சுனைக் கட்டிலில் படுக்க வைத்துத் தேய்த்தது இல்லை.

எழுந்து உட்கார்ந்தாள். பாதி தேய்த்த உடம்பில் அழுக்குத் திரி ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படியே எழுந்து போய்விட்டால் என்ன என்று தோன்றியது. பஸ் ஏறினால் மத்தியானம் வீடு. யாருக்கும் தெரியப் போவதில்லை. அடுத்த வருடம் மகள் கேட்கும்போதும் எல்லாம் இருக்கிறதே என்று சொல்லிக்கொள்ளலாம். அதை நினைத்ததும்தான் கட்டிலை விட்டு இறங்காமல் ஓக்சிம் பக்கம் திரும்பினாள்.

"மாசான்ல எனக்குக் கட்டில் இருக்கு அக்கா. உங்க இடத்துக்கு நான் வரல" என்றாள். "கடைசியா நான் கட்டில்ல படுத்தப்ப தல எண்ணிக்கிட்டுப் படுத்தேன். அந்தப் பாவத்த மறைக்கல. இன்னைக்கு எண்ணாம ஒரு தடவ படுக்கணும்னு வந்தேன். இந்த வாய்தான் சும்மா இருக்க மாட்டேங்குது. பத்தொம்பது வருஷமா நான் தேய்க்கிறேன். என்னைய யாரும் தேய்ச்சதில்ல. அவ்வளவுதான் அக்கா."

ஓக்சிம் கையில் மாட்டிய உறையை மெல்ல உருவினாள். அவளுடைய விரல் நுனிகளும் வெளுத்துச் சுருங்கித்தான் இருந்தன. கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த பெரிய குவளையிலிருந்து ஐஸ் காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, குவளையை பில்சுனிடம் நீட்டினாள். பில்சுனும் ஒரு மடக்குக் குடித்தாள். தேய்ப்புக்காரி தன் ஐஸ் காபியைக் கொடுத்துவிட்டால் கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்றாள் ஓக்சிம், குரல் இளகி. "ஒரே தொழில்காரங்ககிட்ட நான் காசு வாங்குறதா? வாசல்ல காசு வாங்குறாளே, அவகிட்ட சொல்லித் திருப்பிக் குடுக்கச் சொல்றேன். படு. நல்லா தேய்ச்சு விடுறேன். முடிஞ்சதும் என் முதுகுல ரெண்டு இழுப்பு இழுத்து விட்டுட்டுப் போ. எனக்கும் யாரு இருக்கா?"

நல்ல மனசுதான். அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. வேறு எந்த நாளாக இருந்தாலும் பில்சுன் அந்த அக்காவைக் கட்டிலில் தள்ளிப் படுக்க வைத்து, குதிகால் வெடிப்பு முதற்கொண்டு தேய்த்துக் கொடுத்திருப்பாள். இப்போதும் வலது கை உறையைத் தேடி ஒரு அங்குலம் நகர்ந்தது. நகர்ந்ததை அவளே பார்த்தாள். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று இருந்தது. காசையும் மிச்சம் பிடித்து, ஒரு ஆளையும் தேய்த்துவிட்டுப் போனால் இதுவும் இன்னொரு வேலை நாள்தான்.

"வேணாம் அக்கா" என்றாள். சொல்லும்போதே முகம் சிவந்தது. "நீங்க காச வாங்கிக்கணும். உங்க முதுக இன்னைக்கு நான் தேய்க்க மாட்டேன்."

இப்படி ஒரு வார்த்தையை அவள் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. தன் காதுக்கே நாராசமாக இருந்தது. ஓக்சிம் வாயைப் பிளந்து பார்த்தாள். தோல் சுருங்கிப்போன கிழவி ஒருத்தி முதுகைக் காட்டிக் கேட்கிறாள், மாட்டேன் என்கிறாளே, என்ன ஜென்மம் இவள் என்று அந்தப் பார்வையில் எழுதி ஒட்டியிருந்தது. பில்சுனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

சட்டென்று ஓக்சிம் சிரித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் வயிறு குலுங்க.

"கல்நெஞ்சுக்காரிடி நீ" என்றாள். "எறங்கு கீழ."

பில்சுன் இறங்கி நின்றாள். ஓக்சிம் வாளி நிறைய வெந்நீர் மொண்டு கட்டிலில் வீசினாள். இன்னொரு வாளி. பில்சுனின் அழுக்கெல்லாம் வடிகாலுக்கு ஓடியது. புது உறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, வாசலில் முதன்முதலாக ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கிறவள் மாதிரி தலை குனிந்து சொன்னாள்:

"வாங்க மேடம். படுங்க."

பில்சுன் படுத்தாள். மறுபடி கழுத்திலிருந்து ஆரம்பமானது. ஓக்சிம் கை நல்ல கை. அழுத்தம் ஒரே சீராக இருந்தது, எலும்பு வந்த இடத்தில் தானாக இலேசானது. மார்புக் கூடு முடிந்து, இடது கையைத் தூக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். தேய்க்கவில்லை.

"மேடம்" என்றாள். "கைய என்கிட்ட குடுத்திட்டதா நினைச்சிட்டீங்க. அது இன்னும் உங்ககிட்டதான் இருக்கு."

உண்மைதான். ஓக்சிம் விரல்கள் மணிக்கட்டைச் சும்மா தொட்டுக்கொண்டுதான் இருந்தன. கையைத் தாங்கிப் பிடித்தது பில்சுனின் தோள். விட்டுவிட நினைத்தாள். முடியவில்லை. எப்படி விடுவது என்றே தெரியவில்லை. இத்தனை வருடமாக மற்றவர்களுக்கு "கைய தளர்த்துங்க, தளர்த்துங்க" என்று சொன்னவளுக்கு, தளர்த்துவது இவ்வளவு கஷ்டமான காரியம் என்று தெரியாது. கடல்பாசிக் கிழவியை நினைத்துக்கொண்டாள். இனி அவளை அப்படி அதட்டக் கூடாது.

ஓக்சிம் அவசரப்படவில்லை. ஆணியில் இன்னொரு சாவி வந்து மாட்டிக்கொண்டது. பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது எத்தனை சொட்டு என்று ஆரம்பித்த பில்சுன் ஏழோ எட்டோ வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டாள். அப்போது தோளில் ஏதோ ஒன்று இறங்கியது. கை முழுக்க, முழங்கை, மணிக்கட்டு, வெளுத்த விரல்கள் எல்லாம் சேர்ந்து, ஓக்சிம் உள்ளங்கையில் பொத்தென்று விழுந்தன.

"அப்பாடி" என்றாள் ஓக்சிம். "என்னா கனம்."

கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. பில்சுன் துடைக்கவில்லை; துடைக்கக் கை அவளிடம் இல்லை. சிறிது நேரத்தில் துருவிய வெள்ளரிக்காய் முகத்தில் வந்து குளிர்ந்ததால் அழுகையும் அதோடு போய்விட்டது. இடுப்பில் இரண்டு தட்டு விழுந்தது. அதன் பிறகுதான் திரும்பினாள். குப்புறப் படுத்ததும் முதுகில் எண்ணெய் இறங்கியது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஞாபகம் இல்லை. நீங்க விட்ட குறட்டையில தொட்டியில இருந்தவங்க பேச்ச நிறுத்திட்டாங்க என்று பிற்பாடு ஓக்சிம் சொன்னாள். அது மிகையாகவும் இருக்கலாம்.

எல்லாம் முடிந்து பாலைக் கழுவிவிட்டு எழுந்தபோது கட்டிலைப் பார்த்தாள். அழுக்கும் எண்ணெயும் வெள்ளரித் துணுக்குமாகக் கிடந்தது. பக்கத்திலேயே வாளி. அடுத்த ஆள் வேறு காத்துக்கொண்டிருக்கிறாள். பில்சுனின் கை வாளியின் விளிம்பைப் பிடித்துவிட்டது. ஒரே வீச்சு, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அரை நிமிட வேலை. ஓக்சிம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பில்சுன் வாளியை விட்டாள். சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு, தன் அழுக்கை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். பின்னால் கட்டிலில் வெந்நீர் வீசும் சத்தம் கேட்டது. வீச்சு எப்படி என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உடை மாற்றும் அறையில் வாழைப்பழப் பால் ஒன்றை வாங்கி உறிஞ்சிக்கொண்டே மகளுக்குப் போன் செய்தாள். வேலை நேரத்தில் அம்மா கூப்பிடுவதே இல்லை என்பதால், என்னாச்சும்மா என்று பதறிக்கொண்டு எடுத்தாள் சேபொம்.

"ஒண்ணும் ஆகல" என்றாள் பில்சுன். "என்ன வேணும்னு கேட்டியே. லட்சத்து இருபதாயிரம் அனுப்பு. அடுத்த மாசமும் ஒரு செவ்வாய்க்கிழம வருது."